வீட்டு வரி கட்டிட்டா தண்ணி வரியும் கட்டியாச்சா? ரசீதைப் படிக்க ஒரு பாடம்



சில மாதங்களுக்கு முன்பு கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஊரில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, சந்தா வசூல் முடிந்து, உள்கடன் கேட்பவர்களின் பெயரை ஊக்குநர் எழுதிக்கொண்டிருந்தார். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் ஒரு அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். என்ன விசயம் என்று கேட்டபோது, சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். குடிநீர்க் கட்டண நிலுவை 5,400 ரூபாய், உடனே கட்டாவிட்டால் குழாய் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அதில் அச்சாகியிருந்தது.

“வருசா வருசம் வரி கட்டிக்கிட்டுத்தான மேடம் இருக்கேன். ஒரு தவணை கூட விட்டதில்ல. இதென்ன புதுசா? காதுத் தோட்டை அடகு வைக்கலாம்னு கழட்டிட்டேன்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டிலிருந்து தகரப் பெட்டியோடு ரசீதுகளைக் கொண்டு வரச் சொன்னோம். வீட்டு வரி ரசீது அத்தனையும் வரிசையாக இருந்தது. ஆனால் தாளைத் தந்தவர்களும் காரணம் இல்லாமல் தரவில்லை. வீட்டு வரி கட்டினால் அதிலேயே தண்ணிக்கும் சேர்த்துக் கட்டியாச்சு என்று அந்த அக்கா நினைத்திருந்தார். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேருக்கு மேல் இதே எண்ணம்தான் இருந்தது. அதனால்தான் இந்த இதழில் இந்தப் பாடம். அந்த அக்காவுடைய கணக்கு கடைசியில் எப்படி முடிந்தது என்பதையும் சொல்கிறோம். அதற்கு முன்னால் சில விசயங்களைத் தெரிந்துகொள்வோம்.

ஆத்துத் தண்ணி சும்மா வருது, குழாய்த் தண்ணிக்கு ஏன் காசு?

இந்தக் கேள்வியை நாங்கள் போகாத ஊரிலும் கேட்பார்கள்! நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்குகிறது. லோயர் கேம்ப், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஓடி, தேனிக்குப் பக்கத்தில் வைகையில் சேர்ந்து வைகை அணைக்குப் போகிறது.

ஆனால் ஆறு நம் வாசல் வரை வருவதில்லை. கூடலூர், கம்பம் பகுதிக்கு லோயர் கேம்ப்பிலே ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். போடிக்குக் குரங்கணிப் பக்கமிருந்து வரும் கொட்டகுடி ஆறு. பெரியகுளத்துக்குச் சோத்துப்பாறை அணை. ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணைத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. எங்கிருந்து எடுத்தாலும் மோட்டார் ஓட்ட மின்சாரம் வேண்டும். வடிகட்ட வேண்டும், குளோரின் கலக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குழாய் உடைந்தால் அடைத்து, வால்வு திறந்துவிட ஆள் வைக்க வேண்டும். நாம் கட்டும் குடிநீர்க் கட்டணம் தண்ணீரின் விலை அல்ல. தண்ணீரை நம் குடம் வரைக்கும் கொண்டு வருகிற செலவில் நம் பங்கு.

அதே மாதிரி நம் வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுநீருக்கும் குப்பைக்கும் செலவு உண்டு. மேலே இருக்கிற ஊரின் சாக்கடை ஆற்றில் கலந்தால், கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் அதைத்தான் எடுத்துச் சுத்தம் செய்து குடிக்க வேண்டும். நம் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு தலைப்பு, நாலு கணக்கு

நம் குழுவில் சேமிப்பு ஒரு கணக்கு, சந்தா ஒரு கணக்கு, கடன் அசல் ஒன்று, வட்டி ஒன்று. ஒரே நாளில் ஒரே கையால் கொடுத்தாலும் பேரேட்டில் நான்கு பக்கத்தில் எழுதுகிறோம் அல்லவா? நகராட்சியிலும் பேரூராட்சியிலும் அப்படித்தான்.

1. சொத்து வரி. இதைத்தான் நாம் வீட்டு வரி என்கிறோம். வீட்டின் பரப்பளவு, வீடு இருக்கும் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, குடியிருப்பா கடையா என்பதையெல்லாம் பார்த்துப் போடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாம் அரையாண்டு. இதோடு நூலக வரியும் சேர்ந்து வரும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நம் ஊர் நூலகங்களுக்குப் போகிறது. தெருவிளக்கு, ரோடு, பொதுச் சுகாதாரம் போன்ற பொது வேலைகளுக்கான பணம் இந்த வரியில் இருந்துதான்.

ஒரு சின்ன லாபம் இங்கே இருக்கிறது. 2023-இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் குறையும். அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரல் மாதத்துக்குள், அக்டோபர் மாதத்துக்குள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு வரி 600 ரூபாய் என்றால் 30 ரூபாய் மிச்சம். சின்னத் தொகைதான், ஆனால் தாமதித்தால் மேலே போய் வட்டியும் சேரும் என்பதால் இரண்டு பக்கமும் லாபம்.

2. குடிநீர்க் கட்டணம். இது வீட்டில் தனிக் குழாய் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு. இணைப்பு வாங்கும்போது ஒரு முறை வைப்புத்தொகை கட்டியிருப்போம். அதற்குப் பிறகு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. நம் பக்கத்தில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. மாதக் கட்டணம் என்றாலும் ஆறு மாதத்துக்கோ வருசத்துக்கோ சேர்த்துக் கட்டுவது வழக்கமாக இருக்கிறது. இங்கேதான் மறந்துபோகிறோம். வீட்டு உபயோகம், வணிக உபயோகம் என்று இரண்டு வகை உண்டு, தொகையும் வேறு. வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற, மெஸ் நடத்துகிற உறுப்பினர்கள் தங்கள் இணைப்பு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. பாதாள சாக்கடைக் கட்டணம். தெருவில் பாதாள சாக்கடை போட்டு, நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருந்தால் இந்தக் கட்டணம். இதற்கும் தனி வைப்புத்தொகை, தனி இணைப்பு எண் உண்டு. பாதாள சாக்கடை வராத ஊரில், வராத தெருவில் இருக்கிறவர்கள் ரசீதில் இந்தத் தலைப்பு இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

பாதாள சாக்கடை இல்லாத வீடுகளில் செப்டிக் டேங்க் இருக்கும். இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரு முறை உரிமம் பெற்ற லாரியை வைத்து எடுக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் பணத்துக்கும் ரசீது வாங்குங்கள். ஒரு விசயம் கண்டிப்பாகச் சொல்கிறோம். எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைக் கொன்றுவிடும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும் கூட.

4. குப்பைக் கட்டணம். அலுவலகத்தில் திடக்கழிவு மேலாண்மை சேவைக் கட்டணம் என்பார்கள். குப்பை உண்டாக்குகிறவர்கள் அதை எடுத்துப் போவதற்கு ஒரு கட்டணம் தர வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அதன் பிறகு நம் ஊர் ரசீதுகளிலும் இந்தத் தலைப்பு வர ஆரம்பித்தது. பெரும்பாலும் சொத்து வரியோடு சேர்த்துக் கேட்பார்கள். வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் இந்தக் கட்டணத்தை ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது. அவரும் வாங்கக் கூடாது. ஆனால் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும். அந்த வண்டியைத் தள்ளி வருகிறவர்களில் நம் குழு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். கண்ணாடித் துண்டையும் நாப்கினையும் சோற்றுக் குப்பையோடு போட்டால், கை வைப்பது நம் சகோதரிதான்.

சென்னையில் பிள்ளைகள் குடியிருந்தால் அங்கே இன்னும் கொஞ்சம் வித்தியாசம். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தனி வாரியமே இருக்கிறது. மாநகராட்சிக்கு வரி, வாரியத்துக்குத் தனியாக வரியும் கட்டணமும். வாடகை பேசும்போது யார் எதைக் கட்டுவது என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரசீது கையில் வந்ததும் பார்க்க வேண்டிய ஆறு இடங்கள்

நாம் குழுவில் பணம் கட்டினால் பாஸ் புத்தகத்தில் வரவு வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். வரி வசூல் மையத்தை விட்டு நகர்வதற்கு முன்னால் இந்த ஆறையும் பாருங்கள்.

ஒன்று, தலைப்பு. சொத்து வரியா, குடிநீரா, சாக்கடையா, குப்பையா?

இரண்டு, எண். சொத்து வரிக்கு வரிவிதிப்பு எண். குடிநீருக்குக் குடிநீர் இணைப்பு எண். இரண்டும் வேறு வேறு. பழைய ரசீதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பாருங்கள்.

மூன்று, பெயரும் கதவு எண்ணும். கதவு எண் மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு, காலம். எந்த ஆண்டு, எந்த அரையாண்டுக்கு வரவு வைத்திருக்கிறார்கள்? பாக்கி இருந்தால், இன்றைக்குக் கட்டும் பணம் பெரும்பாலும் பழைய பாக்கிக்குத்தான் முதலில் போகும். “இந்த வருசத்துக்குக் கட்டினேன்” என்று நாம் நினைப்போம், ரசீதில் மூன்று வருசத்துக்கு முந்தைய காலம் இருக்கும்.

ஐந்து, தொகை. நாம் கொடுத்ததும் ரசீதில் இருப்பதும் ஒன்றா?

ஆறு, ரசீது எண்ணும் தேதியும்.

இன்னொரு விசயம். இப்போது கம்ப்யூட்டரில் வரும் வழவழப்பான ரசீது ஒரே வருசத்தில் வெளுத்துவிடுகிறது. தகரப் பெட்டியில் வைத்திருந்தும் வெறும் வெள்ளைத் தாளாகிப் போனதைப் பார்த்திருக்கிறோம். வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இணையம் வழியாகப் பிள்ளைகள் போனில் கட்டினாலும், இ-சேவை மையத்தில் கட்டினாலும், பணம் பிடித்த குறுஞ்செய்தி ரசீது ஆகாது. ரசீதை அச்செடுத்து வாங்குங்கள். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை என்றால் அவசரப்பட்டு இரண்டாவது தடவை கட்டிவிடாமல், முதலில் அலுவலகத்தில் வரவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்பு, வசூல், நிலுவை

இந்த மூன்று வார்த்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாதா மாதம் நம் குழுவில் போடும் கணக்குதான். கடனில் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு? வர வேண்டியதுதான் கேட்பு. வந்தது வசூல். பாக்கிதான் நிலுவை.

ஒரு உதாரணம் பார்ப்போம். மாதக் குடிநீர்க் கட்டணம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்த் தொகை வேறாக இருக்கலாம்.

போன வருசப் பாக்கி: ரூ. 1,200
இந்த வருசக் கேட்பு: ரூ. 1,200
மொத்தக் கேட்பு: ரூ. 2,400
கட்டியது: ரூ. 1,000
நிலுவை: ரூ. 1,400

இதில் கட்டிய 1,000 ரூபாய் போன வருசப் பாக்கிக்கே போதவில்லை. போன வருசத்தில் 200 ரூபாயும், இந்த வருசத்தில் 1,200 ரூபாயும் நிற்கிறது. “ஆயிரம் ரூவா கட்டினேனே” என்று சொல்லலாம். ஆனால் பேரேட்டில் இரண்டு வருசமும் முடியவில்லை. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எந்த நோட்டீஸையும் நாமே படித்துவிடலாம்.

பரப்பளவையும் ஒரு தடவை அளந்து பாருங்கள்

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்ந்தபோது நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்பு வீடுகளுக்கு இப்படி உயர்த்தினார்கள்: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். 

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீடு உண்மையில் 580 சதுர அடி. பதிவேட்டில் 620 என்று இருக்கிறது. பழைய அரையாண்டு வரி 400 ரூபாய் என்றால், 25 சதவீத உயர்வில் 500 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். ஆனால் 50 சதவீதக் கணக்கில் 600 ரூபாய் ஆகிவிடும். அரையாண்டுக்கு 100 ரூபாய், வருசத்துக்கு 200 ரூபாய் கூடுதல். அதன் பிறகு வரி உயர்ந்தாலும் அந்தக் கூடுதல் தொகையின் மேல்தான் உயரும். டேப் வைத்து அளந்து, பதிவில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் மறு அளவீடு கேட்டு மனு கொடுக்கலாம். அதே நேரத்தில், மாடி எடுத்துக் கட்டியிருந்தால் பரப்பளவு கூடியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊராட்சியில் இருக்கிறவர்களுக்கு

கிராம ஊராட்சிகளில் வீட்டு வரி ஒன்று, குடிநீர்க் கட்டணம் ஒன்று. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி நடக்கிறது. இங்கேயும் இரண்டுக்கும் தனித்தனி ரசீதா என்று பாருங்கள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 18 குடம். உங்கள் வீட்டுக் குழாயில் எத்தனை குடம் வருகிறது? ஒரு வாரம் எண்ணி நோட்டில் எழுதுங்கள். கட்டணம் கேட்கும்போது இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்குச் சொல்லப்படும் அளவு ஆளுக்கு 135 லிட்டர் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற தண்ணீர் வீணாகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு பாத்திரத்தை ஒரு மணி நேரம் வையுங்கள். அரை லிட்டர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 12 லிட்டர், மாதத்துக்கு 360 லிட்டர். 24 குடம்! ஒரு வாசர் மாற்றினால் போதும்.

பெயர் மாற்றம் நம் பாதுகாப்பு

நாங்கள் பார்த்த ரசீதுகளில் நிறைய, இறந்துபோன மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோதான் ஓடிக்கொண்டிருக்கிறது. “யார் பேர்ல இருந்தா என்ன, காசு நாமதான கட்டுறோம்” என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒரு மனு கொடுக்கப் போனால், “இந்தப் பெயருக்கு நீங்க யாரு?” என்ற கேள்வி வருகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல், கடைசியாகக் கட்டிய ரசீது இவற்றோடு விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். சொத்து வரிக்கு மாற்றினால் குடிநீர் இணைப்பும் தானாக மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதையும் தனியாகக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வரி ரசீது நம் பெயரில் இருந்தால் மட்டும் வீடு நமக்குச் சொந்தம் ஆகிவிடாது. உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும் வேண்டும். ரசீதைக் காட்டி வீடு விற்க வருகிறவர்களிடமும் இதே எச்சரிக்கையோடு இருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள், தண்ணிக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா இல்லையா என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். சேர்ந்தது என்றால், வீட்டுக்காரர் கட்டிய ரசீதை வருசத்துக்கு ஒரு முறையாவது பார்க்கக் கேளுங்கள். அவர் கட்டாமல் விட்டாலும் குழாய் நிற்பது உங்கள் சமையல் கட்டில்தான்.

தப்பு இருந்தால் என்ன செய்வது?

வாய்ச்சண்டை போட்டு வந்தால் பேரேடு மாறாது. எழுதிக் கொடுக்க வேண்டும். நகராட்சியில் ஆணையாளர், பேரூராட்சியில் செயல் அலுவலர், ஊராட்சியில் என்றால் ஊராட்சி செயலர், அதற்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர். மனுவில் எண், கதவு எண், எந்தக் காலம், எவ்வளவு தொகை, என்ன தப்பு என்று எழுதி, ரசீது ஜெராக்ஸை இணையுங்கள். மூல ரசீதைக் கொடுத்துவிடாதீர்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்தில் பதியலாம். நம் கணக்கில் என்ன வரவாகியிருக்கிறது என்று தெரிய, 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஊர்ப் பொது விசயமாக இருந்தால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருசத்துக்கு ஆறு. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தண்ணீர்க் கணக்கு கேட்க அதைவிட நல்ல நாள் உண்டா? நகரங்களில் இருப்பவர்கள் வார்டு அளவில் நடக்கும் பகுதி சபையில் கேளுங்கள்.

அந்த அக்காவின் கணக்கு

இப்போது முதலில் சொன்ன விசயத்துக்கு வருவோம். நோட்டீஸில் இருந்த 5,400 ரூபாய், நாலரை வருசத்துக் குடிநீர்க் கட்டணம். மாதம் 100 ரூபாய் வீதம் 54 மாதம். தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். ஒரு பழைய பாலிதீன் பைக்குள் இரண்டு குடிநீர் ரசீது இருந்தது. ஒவ்வொன்றும் 1,200 ரூபாய். அவருடைய வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கட்டியது. ஆனால் ரசீதில் இருந்த இணைப்பு எண்ணில் கடைசி இரண்டு எண் இடம் மாறியிருந்தது. பணம் அதே தெருவில் வேறொரு வீட்டுக் கணக்கில் வரவாகியிருந்தது. கட்டிய அன்றைக்கு விரல் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிச வேலை.

வீட்டுக்காரர் இறந்த பிறகு அக்கா வீட்டு வரியை மட்டும் கட்டி வந்திருக்கிறார். ஆக, 2,400 ரூபாய் கட்டியாச்சு, 3,000 ரூபாய் உண்மையிலேயே பாக்கி.

மனு எழுதிக் கொடுத்தோம். ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் அக்காவோடு போனார்கள். மூன்று தடவை நடந்தார்கள், மூன்று நாள் கூலி போனது. கடைசியில் எண் திருத்தப்பட்டு 2,400 ரூபாய் அவர் கணக்குக்கு வந்தது. மீதி 3,000 ரூபாயைக் குழு உள்கடனாகக் கொடுத்தது, பத்துத் தவணை. குழாய் துண்டிக்கப்படவில்லை. தோடு அடகுக் கடைக்குப் போகவில்லை. பெயர் மாற்றத்துக்கும் இப்போது விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.

கடைசித் தடவை போய்விட்டு வந்தபோது அவர் சொன்னது: “மூவாயிரம் நான் கட்ட வேண்டியதுதான், கட்டிருறேன். கட்டுன காசை இல்லைன்னு சொன்னதுதான் மேடம் வயித்தெரிச்சலா இருந்துச்சு.”

எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். எழுதிய கணக்கையும் நாம் படித்துப் பார்க்க வேண்டும் சகோதரிகளே. இருபது பேருடைய சேமிப்பையும் கடனையும் ஒரு பைசா பிசகாமல் பேரேட்டில் வைத்திருக்கிறோம். நம் வீட்டு ரசீதைப் படிப்பதா நமக்குக் கஷ்டம்?

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டிய பயிற்சி

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் இருக்கும் எல்லா ரசீதுகளையும் கொண்டு வர வேண்டும். படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவர் உட்காரட்டும். ரசீதுகளைத் தலைப்பு வாரியாகப் பிரியுங்கள். ஒரு நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கி, எண், காலம், தொகை, தேதி எழுதுங்கள். எந்த வருசம் விட்டுப் போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பாக்கி அதிகம் உள்ள உறுப்பினர்களின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, உள்கடன் தேவையா, மனு தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

விவாதிக்கச் சில கேள்விகள்

1. உங்கள் வீட்டின் வரிவிதிப்பு எண்ணும் குடிநீர் இணைப்பு எண்ணும் உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?
2. ரசீது யார் பெயரில் இருக்கிறது?
3. கடைசியாகக் குடிநீர்க் கட்டணம் கட்டியது எந்தக் காலத்துக்கு?
4. உங்கள் தெருவில் இல்லாத சேவைக்குக் கட்டணம் கேட்கப்படுகிறதா?
5. கட்டணம் முழுவதும் கட்டியும் தண்ணீர் சரியாக வராத தெருக்கள் எவை? குழு சார்பில் யார் மனு எழுதுவது?

பதில்களை எழுதி, உங்கள் பகுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள். ஒரே மாதிரிப் பிரச்சினை பல குழுக்களில் இருந்தால், கூட்டமைப்பின் பெயரில் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்போம்.